குதிநரம்பு அறுந்தவர்கள் கேட்கும் கேள்விகள்: மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்திலிருந்து

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற தடித்த நாணைத்தான் டாக்டர்கள் அக்கிலிஸ் டெண்டன் என்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு அது குதிநரம்பு. உடம்பில் உள்ள நாண்களிலேயே பெரியதும் வலுவானதும் அதுதான். குமரி மாவட்டத்தில், கேரள எல்லையோரம், குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். அது அறுந்து வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அறுந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலோர் சொல்வது ஒரே கதை: "பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை." சிலருக்கு 'டப்' என்று சத்தமே கேட்கும். பந்தை நோக்கித் திடீரென்று பாயும்போது, வாலிபால் நெட்டருகே எம்பும்போது, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கத் தாவும்போது, மழையில் ரப்பர் விளைச் சரிவில் சறுக்கி முன்பாதத்தை மட்டும் ஊன்றும்போது இது நடக்கும். 30 முதல் 50 வயது ஆண்களிடம் அதிகம். அதிலும் வாரம் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மைதானத்தில் இறங்குகிறவர்கள்தான் முதல் வரிசை. ஓணம், கிறிஸ்துமஸ் விளையாட்டுப் போட்டிகளில் 'திருமணமானவர்கள் அணி' என்று ஒன்று இறங்கும், தெரியுமல்லவா? அவர்களைச் சொல்கிறேன்.

முதலில் கடுமையாக வலிக்கும், கொஞ்ச நேரத்தில் வலி பெருமளவு குறைந்துவிடும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. குதிகால் எலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவது அந்த இடத்தில்தான். விரலை வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். வீக்கம் ஏறிவிட்டால் அதுவும் தெரியாது.

நடக்க முடிகிறது, பாதத்தையும் ஆட்ட முடிகிறது. அப்படியானால் அறுந்திருக்காதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பாதத்தைக் கீழே அழுத்துவதற்குக் குதிநரம்பு தவிர வேறு சில தசைகளும் உண்டு. அவை இருப்பதால் நொண்டி நொண்டி நடக்கலாம், பாதத்தை ஆட்டியும் காட்டலாம். 2013 ஏப்ரலில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டுக்கு ஆட்டத்தின் நடுவில் இந்த நாண் அறுந்தது. அதற்குப் பிறகும் அவர் கோட்டில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு, இரண்டையும் கூடைக்குள் இறக்கிவிட்டுத்தான் வெளியேறினார். நீங்கள் ஆட்டோ ஏறி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அடிபட்டவர் கட்டிலில் குப்புறப் படுக்கட்டும், பாதம் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். கெண்டைச் சதையை இன்னொருவர் கையால் பிசைந்து அழுத்த வேண்டும். நல்ல காலில் அழுத்தினால் பாதம் தானாகக் கீழே அசையும். அறுந்த காலில் அசையவே அசையாது. டாக்டர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்க்கிற சோதனையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். பாதி அறுந்தது முழுதாக அறுந்துவிடலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான் என்றார்களே?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நாணைக் காட்டாது. குதிகால் எலும்பில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான். கூட்டமான ஓபியில் சுளுக்கு என்று க்ரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிடுவது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல, உலகம் முழுக்க நடக்கிறது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு முதல் தடவையில் இது தவறிப்போவதாக மருத்துவ நூல்களே சொல்கின்றன. "கெண்டைச் சதையை அழுத்திப் பார்த்தீர்களா, சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

கையால் பார்த்தே தெளிவாகிவிட்டால் ஸ்கேன் கட்டாயமில்லை. சந்தேகம் இருந்தாலோ, இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டியிருந்தாலோ அல்ட்ராசவுண்ட் போதும். எம்ஆர்ஐ பெரும்பாலும் பழைய அறுப்புக்குத்தான் தேவைப்படும்.

அடிபட்ட உடனே என்ன செய்ய வேண்டும்?

அந்தக் காலை ஊன்றாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுங்கள். முக்கியமானது இது: பாதத்தை மேல்நோக்கி மடக்கக் கூடாது. கால்விரல்கள் கீழே நோக்கியிருக்கும்படி, தலையணையில் சாய்த்தோ மட்டை வைத்துத் துணியால் கட்டியோ கொண்டு போங்கள். நாணின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி இருப்பது அந்த நிலையில்தான். மைதானத்தில் நாலு பேர் கூடி "சதை பிடித்துவிட்டது, இழுத்து விடு" என்று பாதத்தை மேலே தள்ளுவார்கள். தடுத்துவிடுங்கள்.

சிகிச்சை என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் வேலை ஒன்றுதான். அறுந்த முனைகள் பழைய நீளத்திலேயே சேர வேண்டும். சேர்வது பெரிய காரியமில்லை, பெரும்பாலான நாண்கள் எப்படியாவது சேர்ந்துவிடும். நீண்டு சேர்ந்துவிடுவதுதான் ஆபத்து. தொய்ந்த கொடிக்கயிறு மாதிரி நாண் இருந்தால், கெண்டைச் சதை எவ்வளவு இழுத்தாலும் குதிகால் எழும்பாது. படியேறும்போதும் சரிவிறங்கும்போதும் அந்தக் கால் தளர்ந்தே நிற்கும். அதை வெறும் பயிற்சியால் பிறகு சரிசெய்வது மிகவும் கடினம். கீழே நான் 'கூடாது, கூடாது' என்று சொல்லப்போகிறவை பெரும்பாலும் இந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டுக் கட்டினால் போதாதா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை, வருவதும் நியாயம்தான். வர்ம ஆசான்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மாவட்டம் இது. களரியும் அடிமுறையும் பழகியவர்களின் அடிகாயத்தை அவர்கள்தான் பார்த்தார்கள். முதுகுப் பிடிப்பு, பழைய மூட்டு வலி, கை கால் இறுக்கம் என்று போய்ச் சுகப்பட்டு வந்தவர்கள் என் வீட்டிலேயே உண்டு.

ஆனால் புதிதாக அறுந்த குதிநரம்பில் தடவலும் உழிச்சலும் கூடாது. தடவும்போது கை கெண்டைச் சதையைக் கீழிருந்து மேலாக இழுக்கிறது, பாதத்தை மடக்கி விடுகிறது. நெருங்கி இருக்க வேண்டிய முனைகள் அப்போது விலகிப்போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அடிபட்டு அசைவில்லாமல் கிடந்த காலில் ரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம். அதன் மேல் அழுத்தித் தடவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முறிவெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி மூங்கில் பத்தை வைத்து மூன்று வாரம் கட்டிவிட்டு, அப்புறம் ஸ்கேன் எடுக்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கெடுதல் செய்ததாக அதற்கு அர்த்தமில்லை. பாதத்தைச் செங்குத்தாக வைத்துக் கட்டியதால் இடைவெளி அப்படியே நின்றுவிட்டது, மூன்று வாரமும் வீணாகிவிட்டது. நல்ல ஆசான் இதைப் பார்த்ததும் "நரம்பு அறுந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாண் நன்றாகச் சேர்ந்து, தையல் தழும்பும் ஆறி, டாக்டர் சம்மதித்த பிறகு தழும்பைச் சுற்றி லேசாக எண்ணெய் தடவிக்கொள்வதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆபரேஷன் கட்டாயமா?

கட்டாயமில்லை. 'அறுந்தது என்றால் தைத்தே ஆக வேண்டும்' என்பது பழைய எண்ணம். நார்வேயில் 526 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் இல்லை, ஒரு பிரிவுக்குத் திறந்து தைத்தார்கள், இன்னொரு பிரிவுக்குச் சின்னத் துளை வழியாகத் தைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், காலின் செயல்பாட்டில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுவது ஆபரேஷன் இல்லாதவர்களில் 100-க்கு 6 பேர், ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. நரம்பு சேதம் நேர்மாறு: ஆபரேஷன் இல்லாதவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு, திறந்து தைத்தவர்களில் சுமார் 3 பேர், துளை வழியாகத் தைத்தவர்களில் சுமார் 5 பேர். இங்கே நரம்பு என்பது பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தருகிற நிஜமான நரம்பு. அது பாதிக்கப்பட்டால் அந்த ஓரம் மரத்துப்போன மாதிரி இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால்: மறுபடி பந்து விளையாட நினைக்கிற இளவயதுக்காரர், முனைகள் அதிகம் விலகியவர், தாமதமாக வந்தவர் ஆபரேஷன் பக்கம் சாயலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், விடாமல் பீடி குடிக்கிறவர், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர், வயதானவர் ஆகியோருக்கு ஆபரேஷன் இல்லாத வழிதான் நல்லது. குதிகாலுக்குப் பின்னால் தோல் மெலிசு. புண் ஆறாமல் சீழ் பிடித்தால் நாண் அறுந்ததைவிடப் பெரிய தொல்லை அது.

ஆபரேஷன் இல்லாத வழி என்றால் வீட்டில் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவே பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டு அல்லது குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்த வாக்கர் பூட் போட்டு, முனைகள் சேர்கின்றனவா என்று பார்த்து, அட்டவணைப்படி நகர வேண்டும். "கட்டெல்லாம் எனக்கு ஒத்துவராது, அவிழ்த்துவிட்டுக் குளித்துக்கொள்கிறேன்" என்கிற ஆளுக்கு இந்த வழி சரிவராது.

எங்கே போவது, நாகர்கோவிலுக்கா திருவனந்தபுரத்துக்கா?

1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். பெரிய நோய் என்றால் இன்றும் இங்கே பலருக்கு மனம் அந்தப் பக்கம்தான் போகும். மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தூரம். இந்த ஆபரேஷன் எலும்பு மருத்துவர்களுக்கு வழக்கமான ஒன்று. ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் இதற்கு எல்லா விதத்திலும் தகுதியான இடங்கள். பெரிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி என்பதைவிட, அடுத்த மூன்று நான்கு மாதம் திரும்பத் திரும்பப் போய்வர முடிகிற இடமா என்று பாருங்கள். கட்டு மாற்ற, ஆப்பு எடுக்க, பிசியோவுக்கு என்று ஊன்றுகோலோடு பஸ் ஏறி இறங்கப்போவது நீங்கள்தான்.

அரசுக் காப்பீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி. இரண்டிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு. தமிழ்நாட்டு ரேஷன் கார்டை வைத்து எடுத்த காப்பீடு எல்லை தாண்டியதும் தானாகவே செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். படுக்கையில் சேர்வதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் உங்கள் கார்டு அங்கே செல்லுமா, இந்த ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா, முன்அனுமதி வந்துவிட்டதா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். பெண் கட்டிக்கொடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் குடியேறியவர்கள் பலரிடம் பெயர் இன்னும் இந்தப் பக்கக் கார்டில்தான் இருக்கிறது. அவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம்.

ஒரு பக்கம் ஆபரேஷன், மறுபக்கம் பிசியோ என்று வைத்துக்கொண்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஆபரேஷன் தேதியும் எப்படித் தைத்தார்கள் என்பதும் தெரியாமல் பயிற்சியைத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு சரிவு இறங்குகிற வேலை.

ஆபரேஷன் வலிக்குமா?

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வார்கள். குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம்.

கட்டு எத்தனை நாள்? ஊன்றவே கூடாதா?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும், பொதுவான கணக்கைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பாதம் கீழே நோக்கியபடி மாவுக்கட்டு. தையல் பிரித்ததும் வாக்கர் பூட். அதன் உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி இரண்டு மூன்று அட்டைகள் இருக்கும். ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக அவற்றை உருவ உருவ, பாதம் மெல்ல மெல்ல நேராகும். 8 வாரத்துக்குப் பக்கத்தில் பூட்டிலிருந்து ஷூவுக்கு வரலாம்.

மாதக்கணக்கில் காலைத் தொங்கவிட்டே இருப்பது இப்போது குறைந்துவிட்டது. பிரிட்டனில் ஆபரேஷன் இல்லாமல் பார்த்த 540 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. மாவுக்கட்டில் இருந்தவர்களும் பூட் போட்டு உடனே ஊன்றி நடந்தவர்களும் 9 மாதம் கழித்து ஒரே அளவில்தான் இருந்தார்கள். ஆகவே டாக்டர் "பூட்டோடு ஊன்றலாம்" என்றால் பயப்படாமல் ஊன்றுங்கள். பூட் இல்லாமல் ஊன்றுவதுதான் ஆபத்து. இரவு பாத்ரூமுக்கு எழுந்து போகிற அரைத்தூக்கத்தில்தான் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதனால் கழற்றலாம் என்று சொல்லும்வரை தூங்கும்போதும் அது காலிலேயே இருக்கட்டும்.

பூட் போட்ட கால் உயர்ந்து நிற்கும். மறுகாலுக்குத் தடித்த அடியுள்ள செருப்பு போடாவிட்டால் ஒரு வாரத்தில் இடுப்பு வலி வந்துவிடும். ஊன்றுகோலில் எடையை உள்ளங்கையில் தாங்க வேண்டும், அக்குளில் அல்ல.

வீட்டில் இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது. என்ன செய்வது?

வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தக் கேள்வியே இருக்காது. நமக்கோ முதல் நாளே வருவது இதுதான். குத்தவைத்து உட்காரும்போது கணுக்கால் முழுதாக மடங்கி, குதிநரம்பு அதிகபட்சம் இழுபடுகிறது. எழும்போது உடம்பின் எடை முழுவதும் அதில் ஏறுகிறது. குறைந்தது நான்கு மாதத்துக்கு அது வேண்டாம், அப்புறமும் பிசியோவைக் கேட்டுவிட்டுத்தான். மார்த்தாண்டத்தில் சர்ஜிக்கல் கடைகளில் கமோட் நாற்காலி கிடைக்கும், இருக்கிற டாய்லெட்டின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி அடித்துவிட்டால் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிறகு உதவும்.

தரையில் உட்கார்ந்து மீன் வெட்டுவது, துணி துவைக்கிற கல்லருகே குந்துவது, அடுப்பூதக் குனிவது எல்லாவற்றுக்கும் இதே விதிதான். பெண்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வீட்டுக்காரருக்கு அறுந்தால் மூன்று மாதம் சாய்வு நாற்காலி, வீட்டுக்காரிக்கு அறுந்தால் மூன்றாம் வாரமே சமையலறை. இதை நான் குடும்பத்தார் முன்னால் வைத்தே சொல்வேன்.

வீட்டுக்குள் செருப்பு போடும் பழக்கம் எங்களுக்கு இல்லையே?

சில மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெறுங்காலில் குதிகால் தரைமட்டத்துக்கு இறங்கிவிடுவதால் நாண் இழுபடுகிறது. பூட் கழன்ற முதல் ஒன்றிரண்டு மாதம், குதிகால் கொஞ்சம் உயர்ந்த ஒரு ஜோடி செருப்பை வீட்டுக்கென்றே தனியாக வையுங்கள். கோயிலுக்குள்ளோ ஆலயத்துக்குள்ளோ செருப்போடு போகத் தயங்குகிறவர்கள் அதுவரை வாசலோடு நின்றுகொள்ளலாம்.

கட்டுக்குள் கெண்டைக்கால் வலிக்கிறது. சாதாரணம்தானா?

இதில் மட்டும் காத்திருக்காதீர்கள். கெண்டைச் சதை கல் மாதிரி இறுகி வலித்தால், தொடை வரை வீங்கினால், காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். இந்தக் காயத்தில் அது அரிதல்ல. திடீரென்று மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். முன்பு எப்போதாவது ரத்தக்கட்டி வந்திருந்தால், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ தருவார்கள்.

கட்டுக்கு மேலே தெரிகிற விரல்கள் நீலம் பாரித்தாலும் மரத்தாலும் அதே அவசரம்தான்.

மீன் சாப்பிடலாமா? ஆட்டுக்கால் சூப்?

தாராளமாக. 'மீன் சாப்பிட்டால் தையல் பழுக்கும்' என்று பத்தியம் இருந்து புரதத்தைக் குறைத்துக்கொள்வதுதான் புண்ணுக்குக் கெடுதல். சாளையும் நெத்திலியும் முட்டையும் பயறும் நன்றாகவே சாப்பிடுங்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் அறுந்த நரம்பு சீக்கிரம் ஒட்டும் என்பது வெறும் நம்பிக்கை. ருசிக்காகக் குடியுங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான் உண்மையான பத்தியம்.

பிசியோவில் என்ன செய்வீர்கள்? இழுத்து விடுவீர்களா?

இழுக்கவே மாட்டோம். பூட் கழன்றதும் கணுக்கால் இறுக்கமாகத்தான் இருக்கும். அந்த இறுக்கம் நமக்குச் சாதகம். "கால் மடங்கவே இல்லை" என்று சுவரில் கை வைத்து முன்னால் சாய்ந்து தாங்களாகவே நீட்டுகிறவர்கள், பல வாரம் காத்துவந்த நீளத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். மடக்கம் மெல்லத் தானாக வரும்.

பூட் காலத்திலேயே விரல் அசைப்பது, பாதத்தைக் கீழே அழுத்துவது, தொடை, இடுப்புப் பயிற்சி என்று தொடங்குவோம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகால் தூக்குவது. அதற்கடுத்து இரண்டு காலிலும் நின்று தூக்குவது, எடையை மெல்ல மெல்ல அடிபட்ட காலுக்கு மாற்றுவது. கடைசியில் ஒற்றைக் காலில். இந்த ஒற்றைக் கால் குதிகால் தூக்கல்தான் பரீட்சை. ஆறு மாதத்திலும் பலருக்கு அது முழு உயரத்துக்கு வராது. மனம் தளரும், பயிற்சியை விட்டுவிடுவார்கள். தெருவில் சாதாரணமாக நடக்கிறோமே, இனி என்ன என்று தோன்றும் கட்டம் அது. பாக்கி வலுவெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு வருடம் தாண்டியும் கூடிக்கொண்டே இருக்கும். கெண்டைச் சதையின் பருமன் மட்டும் பழையபடி முழுதாக வராமல் போகலாம். வேட்டியை மடித்துக்கட்டும்போது வித்தியாசம் தெரியும், வேலைக்கு அது தடையில்லை.

வாரம் இருமுறை என்னிடம் வந்து மின்சாரமும் சூடும் வைத்துக்கொண்டு போவதால் மட்டும் நாண் வலுவாகாது. வீட்டில் தினமும் செய்கிற குதிகால் தூக்கல்தான் சிகிச்சை. காசு வாங்குகிறவனே சொல்கிறேன்.

பைக், கார் எப்போது ஓட்டலாம்?

பூட் போட்ட காலோடு எதையும் ஓட்டக் கூடாது. வலது கால் என்றால், அவசரத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிகிற வரை கார் வேண்டாம். பெரும்பாலோருக்கு பூட் கழன்று சில வாரம் ஆகும். பைக்கில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக், இரண்டுக்குமே கணுக்கால் வேண்டும். ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருந்தாலும், நம் ஏற்ற இறக்கச் சாலையில் நிறுத்தும்போது வண்டியின் பாரம் ஒரு காலில்தான் விழுகிறது. உதைத்து ஸ்டார்ட் செய்வதை மிகவும் தள்ளிப்போடுங்கள்.

வேலைக்கு எப்போது போகலாம்?

உட்கார்ந்து செய்கிற வேலைக்கு, போய்வர வசதி இருந்தால், இரண்டு மூன்று வாரத்திலேயே போகலாம். இடைவேளையில் காலை உயர்த்தி வைக்க ஒரு ஸ்டூல் வேண்டும். நின்றே பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்கும் கடையில் நிற்கிறவர்களுக்கும் மூன்று மாதம்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு நான் ஆறு மாதம் சொல்வேன், திட்டுவார்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் சரிவில், மரத்துக்கு மரம் ஏறியும் இறங்கியும் நடக்கிற வேலை அது. ஏறும்போது குதிகால் பள்ளத்தில் தாழ்கிறது, நாண் இழுபடுகிறது. சறுக்கினால் மறுபடி டப். இங்கே தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. அதனால் காய்ந்த தரைக்காகக் காத்திருந்தால் கதை நடக்காது, காலைத்தான் தயார்செய்ய வேண்டும். முதலில் தட்டையான இடத்தில் உள்ள மரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஷீட் அடிக்கிற வேலையை ஏற்றுக்கொள்ளலாம். கடல் தொழிலுக்கும் இதே கணக்குதான். மணலில் குதிகால் புதைவதும் அலையில் வள்ளம் தள்ளுவதும் குதிநரம்புக்குக் கடைசிப் பரீட்சை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அறுந்திருக்கிறது என்றே தெரிந்தது. இனி வழியில்லையா?

வழி உண்டு, ஆனால் ஆபரேஷன் பெரிதாகும். நான்கு முதல் ஆறு வாரம் தாண்டினால் முனைகள் சுருங்கி விலகி, நடுவில் வடுத்திசு நிரம்பிவிடும். நேரடியாக இழுத்துத் தைக்க முடியாது. சதையின் மேற்பகுதியிலிருந்து ஒரு பட்டையைத் திருப்பி இறக்குவார்கள், அல்லது கால் கட்டைவிரலை மடக்குகிற நாணை எடுத்துக் குதிகாலில் பொருத்துவார்கள். ஓடுகிற வேலையெல்லாம் இல்லாத வயதானவர் என்றால், ஆபரேஷன் இல்லாமல் கணுக்கால் தாங்கி போட்டுக்கொண்டே சமாளிக்கிறவர்களும் உண்டு.

மாத்திரை சாப்பிட்டால் குதிநரம்பு அறுமா?

சில மாத்திரைகளுக்கு அந்தக் குணம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என 'ஃப்ளாக்சசின்' என்று முடிகிற ஆன்டிபயாடிக் வகைக்கு அமெரிக்க மருந்துத் துறை 2008-இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது. 60 வயது தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வயிற்றுப்போக்குக்கு நாமாகவே மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையிலும் பெரும்பாலும் ஆஃப்ளாக்சசின்தான் இருக்கிறது. அதைச் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே வலி தொடங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். குதிகால் வலிக்கு அந்த நாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதும் நல்லதல்ல.

மறுபடி பந்து விளையாட முடியுமா?

முடியும். டேவிட் பெக்காமுக்கு 2010 மார்ச் 14-இல் இத்தாலியில் ஒரு ஆட்டத்தில் அறுந்தது. பின்லாந்தில் ஆபரேஷன். அந்த வருட உலகக் கோப்பை போயிற்று, செப்டம்பரில் மைதானத்துக்குத் திரும்பினார். தினமும் கூடவே பிசியோ இருந்த, விளையாட்டே தொழிலாகக் கொண்ட ஆளுக்கு ஆறு மாதம். தூத்தூர், வள்ளவிளைப் பையன்கள் என்னிடம் "நாலு மாசத்துல டூர்னமென்ட் இருக்கு" என்பார்கள். நான் 9 மாதம் முதல் ஒரு வருடம் என்று சொல்லித் தொடங்குவேன். நாள்காட்டியைவிடக் காலைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை நல்ல காலுக்கு நெருக்கமான உயரத்துக்கும் எண்ணிக்கைக்கும் தூக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் தத்த முடிகிறதா, தத்தி இறங்கும்போது பயமில்லாமல் இறங்குகிறீர்களா? இம்மூன்றும் வந்த பிறகு ஓட்டம், அதன் பிறகு திரும்பித் திரும்பி ஓடுவது, கடைசியாகத்தான் ஆட்டம்.

மறுபடி அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மறுபடி அறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்தான், அதிலும் பூட் கழன்ற புதிதில். ஈரமான குளியலறை, தவறிய ஒரு படி, பாய்ந்து வருகிற நாய் என்று அற்பக் காரணங்களில்தான் நடக்கும். குளியலறையில் ரப்பர் பாய் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தே குளியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

மற்ற காலையும் கவனியுங்கள். ஒரு பக்கம் அறுந்தவருக்கு மறுபக்கமும் அறுகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குதிகால் தூக்கும் பயிற்சியை இரண்டு காலுக்கும் சேர்த்தே செய்யச் சொல்வது அதனால்தான்.